பூனைக்கு ஒரு விளையாட்டுக் கடகம்

சென்ற மாரிகாலத்தின் இறுதியில் ஒரு நாட் காலை, அயல்வீட்டு அம்மையார் எமது படலையைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். அவர் கையில் ஓர் ஓலைப்பெட்டி இருந்தது. அதனுள்ளே தலை ஒருபுறம் சாய்ந்தபடி ஒரு கோழிக்குஞ்சு இறந்து கிடந்தது.

"மாஸ்டர், இது இரண்டாவது குஞ்சு. உங்கட பூனைதான். மூண்டாவதும் போனால் நான் பொறுக்க மாட்டன்" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்த அவ்வேளையிலே, குற்றஞ் சாட்டப்பட்ட கறுப்பி விறாந்தையிலே சாய்மனைக் கதிரையின்மீது படுத்து முன்னங்காலை நக்கிக்கொண்டிருந்தது.

அம்மையார் சென்றபின் எமது தாயார் தீர்ப்பு வழங்கினார். "சாக்கிலை போட்டுச் சந்தையடியிலை விட்டிட்டு வா, தம்பி." யாழ்ப்பாணத்தில் இது பழைய வழக்கம். வேண்டாத பூனையைச் சாக்கிலே கட்டி, அது வழி கண்டு திரும்ப முடியாத தொலைவில் ஒரு மீன் சந்தையருகே அவிழ்த்துவிடுவர். கொல்லவில்லை என்ற ஆறுதல் நம்முடையது. பசியும் தெருநாயும் பூனையினுடையவை. எமது மகள் அன்று பள்ளிக்குச் செல்லவில்லை, உணவும் கொள்ளவில்லை. முடிவிலே தாயாரிடம் ஒரு மாதத் தவணை கேட்டுப் பெற்றோம். அந்த ஒரு மாதத்திலே நாம் கற்றவற்றையும், கற்கும்பொழுது செய்த பெரும் பிழை ஒன்றையும் பூனை வளர்க்கும் குடும்பத்தாருக்குப் பயன்படும் என்று கருதி இங்கே எழுதுகிறோம்.

முதலில் எமக்குத் தோன்றியது கழுத்திலே மணி கட்டுதல். பூனைக்கு யார் மணி கட்டுவது என்று எலிகள் கூடி ஆலோசித்த கதையைப் பாலர் வகுப்பிலே படித்தவர்கள்தாமே நாம்! ஆயின் எலிகள் அவ்வளவு கவலை கொண்டிருக்க வேண்டியதில்லை என்று இப்பொழுது தெரிகிறது. இங்கிலாந்தின் எக்செற்றர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 300க்கு மேற்பட்ட வீட்டுப் பூனைகளை வைத்து நடத்திய ஆய்வின் முடிவை 2021ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மணி கட்டியதனாற் பூனை வீட்டுக்குக் கொண்டுவரும் இரையின் தொகை குறிப்பிடத்தக்க வகையிற் குறையவில்லை. ஆனால் நாளொன்றுக்கு 5 முதல் 10 நிமிடம் வீட்டார் விளையாட்டுக் காட்டிய பூனைகள் 25 வீதம் குறைவாக இரை கொண்டுவந்தன. இறைச்சி மிகுந்த உணவு பெற்ற பூனைகளிடத்தே அது 36 வீதம் குறைந்தது.

இதனைப் படித்த உடனே துள்ளியெழுந்து அயல்வீட்டுக்கு ஓடியிருப்போம்; நல்ல வேளையாக மேலும் சில வரிகளைப் படித்தோம். விளையாட்டினாற் குறைந்தவை எலி முதலிய பாலூட்டிகளே. பறவைகள் விடயத்தில் அத்தகைய பயன் தெளிவாகக் காணப்படவில்லை. ஆகவே விளையாட்டு ஒன்றே குஞ்சுகளைக் காக்கும் என்று நாம் எவருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. அயல்வீட்டுக் குஞ்சுகள் ஓரளவு வளரும்வரை அவற்றுக்கு வலையடித்த கூடு ஒன்றை நாமே செய்து கொடுத்தோம். குஞ்சுகள் முற்றத்திலே மேயும் வேளைகளிற் கறுப்பியை வீட்டினுள்ளே வைத்துக் கதவைச் சாத்தினோம்.

வீட்டினுள் அடைபட்ட பூனை என்ன செய்யும் என்பதை முதல் நாளே அறிந்தோம். சாய்மனைக் கதிரையின் துணி கிழிந்தது; யன்னற் சீலை தரைக்கு வந்தது; எமது தாயார் பூசைத்தட்டிலே வைத்திருந்த திரிகள் ஒவ்வொன்றாய் அறைக்கு அறை கிடந்தன. இந்தத் திரிகள் எமக்கு ஒரு குறிப்பாக அமைந்திருக்க வேண்டும். அன்று அதனை நாம் உணரவில்லை.

மறுநாள் நகரத்துக் கடையொன்றிற்கு மகளை அழைத்துச் சென்றோம். பூனைக்கென்றே செய்யப்பட்ட இறகுக்கோலும் பஞ்செலியும் கிலுக்குப் பந்தும் அங்கே தொங்கின. யாவும் வெளிநாட்டுச் சரக்கு. 2022ஆம் ஆண்டின் நெருக்கடியைக் கண்ட வீட்டுப் பிள்ளைகளுக்கு விலைச்சீட்டு வாசிக்க எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. மகள் ஒரு பஞ்செலியைக் கையில் எடுத்து, திருப்பிப் பார்த்து, தானே மெல்ல அதன் இடத்தில் வைத்தாள். "இதை நாங்களே செய்யலாம், அப்பா" என்றாள். அன்று மாலையே வேலை தொடங்கிற்று.

விளையாட்டுப் பொருள் செய்ய முற்படுவோர் முதலில் ஒன்றை மனத்திற் கொள்ளல் வேண்டும். நாம் விளையாட்டு என்று சொல்வது பூனைக்கு வேட்டை. நமது கண்ணுக்கு அழகாயிருப்பது அதன் கண்ணுக்குத் தெரியாமலே போகலாம். சிவப்பு நிறம் பூனைக்கு மங்கலாகவே தோன்றும்; நீலமும் மஞ்சளும் அதனிலும் நன்கு தெரியும். ஓரடிக்கும் கிட்டிய பொருளை அது தெளிவாகக் காண்பதில்லை. மூக்கின் முன்னே கொண்டுபோய் ஆட்டுவது வீண். ஆனால் நமக்கு வேண்டிய ஒளியில் ஆறிலொரு பங்கு இருப்பினும் அது அசைவைக் கண்டுகொள்ளும். செவியோ இன்னும் வியப்பிற்குரியது. மனிதச் செவி செக்கனுக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையான ஒலியைக் கேட்கும். பூனையின் செவி 85,000 வரை எட்டும். எலிக்குஞ்சு கீச்சிடும் நுண்ணொலி நமக்கு மௌனம், பூனைக்கு அழைப்பு. ஆகவே அசைய வேண்டும், சரசரக்க வேண்டும், வாயாற் கவ்வத்தக்க அளவினதாய் இருக்க வேண்டும். இம்மூன்றும் அமைந்தால் விலை தேவையில்லை.

எமது முதற் படைப்பு கடதாசிப் பந்து. எழுதிக் கழித்த தாளொன்றைக் கசக்கி உருட்டினோம், அவ்வளவே. (மாணவரின் விடைத்தாள்கள் அல்ல, அந்த எண்ணம் எழாமலில்லை.) இறுக உருட்டாமற் சற்றுத் தளர உருட்டினால் ஒலி மிகும். கறுப்பி அதனை விறாந்தையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை காலாலே தட்டிச் சென்றதைக் கண்டு, கடையிலே பஞ்செலியை வைத்துவிட்டு வந்த மகளின் முகம் மலர்ந்தது.

இரண்டாவது பொருளைச் செய்தவர் எமது தாயார் என்றால் வாசகர் நம்புவீர்களோ? "இதுவோ பந்து? என்ர சின்ன வயசிலை நாங்கள் ஓலையிலைதான் பந்து இழைச்சனாங்கள்" என்று சொல்லி, தென்னங்குருத்தோலையிலே ஈர்க்கை நீக்கி, நான்கு வார்களாக்கி, ஒன்றினுள் ஒன்று புகுத்திக் கண்மூடித் திறப்பதற்குள் ஒரு சதுரப் பந்தை இழைத்துத் தந்தார். அவ்விரல்கள் அந்த வேலையை மறந்திருக்கவில்லை. அதை எழுத்தில் விளக்க முயன்று இருமுறை தோற்றோம். உங்கள் வீட்டிலும் அல்லது அயலிலும் ஒரு பாட்டியார் இருப்பார், அவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். முடிப்பதற்கு முன் உள்ளே இரண்டு புளியங்கொட்டைகளை இட்டால் உருளும்போது கலகலக்கும். அழகாயிருக்கிறது என்று குன்றிமணியை மாத்திரம் இட வேண்டா. அதன் ஓடு உடைந்தால் உள்ளிருப்பது அபிரின் என்னும் கொடிய நஞ்சு. பூனைக்கு மட்டுமன்று, வீட்டுக் குழந்தைக்கும் அது ஆபத்து. ஓலை காய்ந்து வெடிக்கத் தொடங்கியதும் பந்தை எறிந்துவிட்டுப் புதிதாய் இழைக்க வேண்டும். செலவு ஏதுமில்லை அன்றோ?

அட்டைப் பெட்டியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பெட்டியைக் கண்டால் அதனுள் ஏறாத பூனை உண்டா? நெதர்லாந்தின் உத்ரெக்ற் பல்கலைக்கழகத்தார், காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளிற் சிலவற்றுக்கு ஒளிந்திருக்கப் பெட்டி கொடுத்தும் சிலவற்றுக்குக் கொடாமலும் பார்த்தனர். பெட்டி பெற்றவை விரைவில் அமைதியடைந்தன என்று 2014இல் எழுதினர். கடைக்காரரிடம் கேட்டாற் சவர்க்காரம் வந்த பெட்டியை இலவசமாய்த் தருவார். கம்பி ஊசிகளையும் ஒட்டுநாடாவையும் நீக்கி, பூனையின் கால் நுழையுமளவு நாலைந்து துளைகள் வெட்டி, உள்ளே ஓலைப் பந்தை இட்டு மூடினால் அரைமணி நேரம் வீட்டில் அமைதி நிலவும். சவர்க்கார வாசனை போக ஒரு நாள் வெயிலில் வைத்தல் நன்று.

கிழிந்த சாய்மனைக் கதிரைக்கு மாற்றாக, இரண்டரை அடி உயரமான கட்டையொன்றைப் பலகையில் அறைந்து, தும்புக்கயிற்றை நெருக்கமாகச் சுற்றி அதனருகே நிறுத்தினோம். பூனை நகத்தைக் கூர்மையாக்குவதற்கு மட்டும் கீறுவதில்லை. பழைய நகவுறையைக் கழற்றுகிறது, உடம்பை நீட்டி முறிக்கிறது, தன் வாசனையையும் அங்கே பதிக்கிறது. ஆதலால் அது நிமிர்ந்து நீளத்தக்க உயரம் வேண்டும்; கட்டை ஆடவுங் கூடாது. நாம் செய்த முதலாவது ஆடிற்று. கறுப்பி ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுக் கதிரைக்கே திரும்பிற்று.

நிற்க. இனி அந்தப் பிழைக்கு வருவோம்.

மூன்றாம் வாரத்தில் நாம் ஒரு வண்ணத்துப்பூச்சி செய்தோம். பழைய கொப்பியின் நீல மட்டையை வெட்டி, சிறகுகளை மடித்து, தையற்பொறியிலிருந்து நூலெடுத்து இரண்டு பாக நீளத்தில் யன்னற் கம்பியிலே தொங்கவிட்டோம். காற்றில் அது படபடத்தது. எமது படைப்புகள் யாவற்றிலும் அதுவே அழகானது. அதனாலேயே அதனை அவிழ்த்து வைக்க மனம் வரவில்லை. இரவு அப்படியே விட்டுப் படுத்தோம். காலையில் வண்ணத்துப்பூச்சி தரையிற் கிடந்தது. நூலைக் காணவில்லை.

அன்று கறுப்பி உணவை முகர்ந்துவிட்டு விலகிற்று. மாலையில் இருமுறை வாந்தியெடுத்தது. மறுநாட் கட்டிலின்கீழ் ஒடுங்கி, தொட்டால் வயிற்றை உள்ளிழுத்து முனகிற்று. வாயைத் திறந்து பார்த்தோம். நாவின் அடியிலே நூல் ஒரு வளையமாய் மாட்டிக்கொண்டிருந்தது. பற்றி இழுத்துவிடலாம் என்று விரலை நீட்டினோம்.

"இழுக்காதை, தம்பி! உள்ளை எங்கை பிடிச்சிருக்கோ ஆருக்குத் தெரியும்?"

தாயார் எமது கையைப் பற்றி நிறுத்தினார். அந்தச் சொல்லே கறுப்பியின் உயிரைக் காத்தது என்று பின்னர் மிருக வைத்தியர் சொன்னார். பூனையின் நாவிலுள்ள முட்கள் தொண்டையை நோக்கி வளைந்தவை. நூலை நாவு பற்றிவிட்டாற் பூனையால் அதனைத் துப்ப முடிவதில்லை, விழுங்கவே முடியும். ஒரு முனை நாவிலோ இரைப்பையிலோ மாட்டிக்கொள்ள, மறுமுனையைக் குடல் தன் இயல்பான அசைவினால் முன்னோக்கி இழுக்கும். அப்பொழுது குடல், நாடா கோத்து இழுத்த பாவாடைபோல மடிப்பு மடிப்பாய்ச் சுருங்கும். இறுகிய நூல் அதன் சுவரை அறுக்கத் தொடங்கும். வெளியிலிருந்து நாமும் இழுத்தால் அறுவை விரைவுபடும். வாயிலோ பின்புறத்திலோ நூல் தெரிந்தால் இழுக்காமலும், உணவு புகட்டாமலும், தாமதியாமலும் வைத்தியரிடம் கொண்டுசெல்லுதல் ஒன்றே வழி.

சத்திரசிகிச்சை நடந்தது. செலவான தொகையைக் கொண்டு அந்தக் கடையிலே தொங்கிய இறகுக்கோல்கள் அனைத்தையும் வாங்கியிருக்கலாம். வீட்டிற் செய்த பொருள் பணம் கேட்பதில்லை, கவனத்தைக் கேட்கிறது என்பதை நாம் மறந்தோம். அதன் விலையைக் கறுப்பி தன் வயிற்றிலே செலுத்திற்று. நான்கு இரவுகள் அதனருகே பழஞ்சேலையை விரித்துப் படுத்திருந்தவர், ஒரு மாதத்துக்கு முன் சாக்கைத் தேடச் சொன்ன அதே தாயார். தவணையைப் பற்றி அதன்பின் வீட்டில் எவரும் பேசவில்லை.

ஆகவே தையல் நூல், கம்பளி நூல், நாடா, றப்பர் வளையம், சரிகை, சொப்பிங் பையின் கைப்பிடி, விளக்குத்திரி ஆகியவற்றுக்கு எமது வீட்டில் இப்பொழுது பூட்டுண்டு. கண்ணுக்குப் பொத்தான் தைத்த பொம்மை எலியும் வேண்டா. பொத்தான் முதலில் வயிற்றுக்குள் செல்லும்.

நூலில்லாமல் ஆட்டுவது எப்படி? பூவரசங்கம்பொன்றின் நுனியில் விரலகலமான பருத்தித் துணிக்கீற்றை இறுக முடிந்து, ஒரு சாண் மட்டும் தொங்கவிடுகிறோம். கம்பு எப்பொழுதும் மனிதர் கையில் இருக்க வேண்டும். கை ஓய்ந்தால் கம்பு அலுமாரிக்குள் போய்விட வேண்டும். இதை ஆட்டுவதிலும் ஒரு முறையுண்டு. சிறுவர்கள் துணியைப் பூனையின் முகத்திலே கொண்டுபோய் அடிப்பர். எந்த எலி பூனையின் மூக்கை நோக்கி ஓடிவந்தது? துணி விலகி ஓட வேண்டும். கதவோரம் மறைய வேண்டும். நின்று, ஒரு நுனி மாத்திரம் நடுங்க வேண்டும். பூனையின் பின்புறம் மெல்ல அசையத் தொடங்கினாற் பாய்ச்சல் வருகிறது என்று அறியலாம். சிலமுறை தப்பவிட்டு, முடிவிற் பிடிபட விடுங்கள். பிடித்தபின் ஒரு நெத்தலித் துண்டு கொடுத்தால் வேட்டை முறைப்படி நிறைவுறும். பசித்த பூனையே ஊக்கமாய் விளையாடும். ஆகையால் உணவுக்கு முன் விளையாட்டு, பின்பு உணவு, பின்பு உறக்கம். வெள்ளிக்கிழமைகளில் எமது வீட்டில் மச்சம் இல்லை. அன்று பாற்சோறு வைத்தால் கறுப்பி எம்மை நோக்கும் நோக்கைச் சொல்லில் அடக்க இயலாது.

தமிழாசிரியன் என்பதற்காக ஒரு சொல். பூனைக்குப் பூசை என்றும் வெருகு என்றும் பழம்பெயர்கள் உண்டு. கம்பர் தமது அவையடக்கத்திலே பூசையையே உவமையாக எடுத்தார். தொல்காப்பியரோ மரபியலில் வெருகு, எலி, அணில் மூன்றின் இளமைக்கும் குட்டி என்ற ஒரே பெயரை உரிமையாக்கினார். கொல்வதும் கொல்லப்படுவதும் இளமையில் ஒரு பெயர் பெற்றன! இதை வகுப்பிலே பல ஆண்டுகள் ஓதியிருக்கிறோம். குஞ்சு கிடந்த அந்த ஓலைப்பெட்டியைக் கண்டபின்னரே அதனைச் சற்று நின்று நினைத்தோம்.

இன்னொரு பொருள் எமது வேலியோரத்திலே முளைத்து நின்றது. குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்று ஒரு பெயர் இருப்பதை அறிந்திருப்பீர்கள். பெயர் வீணாக வந்ததன்று. செடியை வேரோடு பிடுங்கிக் கறுப்பியின் முன்னே போட்டதும், அது வேரை முகர்ந்து, கன்னத்தைத் தேய்த்து, புரண்டு, வாய்நீர் வடித்து, கண்ணை மூடிக் கிடந்தது. மேலைநாட்டார் தம் பூனைகளுக்குக் கொடுக்கும் ஒருவகைப் புதினாச் செடியிலுள்ள மயக்கும் பொருளின் இனத்தைச் சேர்ந்த இரு சேர்வைகளைக் குப்பைமேனியிலும் கண்டதாக ஆஸ்திரேலிய ஆய்வாளர் 2016இல் வெளியிட்டனர். யப்பானிலே மத்தத்தாபி என்னும் கொடிக்கும் இக்குணம் உண்டு. அதிலே முகம் தேய்த்த பூனைகளின்மீது நுளம்பு குறைவாகவே அமர்கிறது என்று 2021இல் இவாத்தே பல்கலைக்கழகத்தார் காட்டினர். குப்பைமேனிக்கும் அப்பயன் உண்டோ, அதற்காகத்தான் நம்மூர்ப் பூனைகள் வணங்குகின்றனவோ? உயிரியல் படிக்கும் மாணவர் எவராவது எண்ணிப் பார்க்கலாம்.

மகளின் பழைய பள்ளிக் காலுறை ஒன்றிலே இலவம்பஞ்சை அடைத்து, கழுவி உலர்த்திய வேர்த்துண்டு ஒன்றை நடுவில் வைத்து, வாயைத் துணியாலேயே முடிச்சிட்டோம், தைக்கவில்லை. கடையிலே விட்டுவந்த பஞ்செலியின் இடத்தை அது பிடித்துக்கொண்டது. வாரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் கொடுத்து எடுத்துவிடுகிறோம். வேரையோ இலையையோ தின்ன விடுவதில்லை. எல்லாப் பூனையும் வணங்கும் என்று எண்ணவும் வேண்டா. அயல்வீட்டுக்கு இப்பொழுது வந்திருக்கும் சாம்பற் குட்டி அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. ஆம், அயல்வீட்டாரும் ஒரு குட்டி வளர்க்கின்றனர். குஞ்சுகள் கோழிகளாகிக் கூட்டை விட்டு வெளியேறியபின், தானியத்துக்கு எலி வந்துவிட்டதாம்.

ஒரே பொருளை நாடோறும் காட்டினாற் பூனை சலித்துவிடும்; சிறிது மாற்றினால் மீண்டும் பாயும். இதனைப் பிரித்தானிய ஆய்வாளர் 2002இல் எழுதியிருக்கின்றனர். ஆகவே எல்லாப் பொருள்களையும் ஒரு பனையோலைக் கடகத்தில் இட்டு மூடி, அலுமாரியின் மேல் வைத்திருக்கிறோம். நாளுக்கு இரண்டு வெளியே வரும். இரவு படுக்குமுன் மகள் எண்ணி உள்ளே வைப்பாள். கடதாசிப் பந்து மூன்று, ஓலைப் பந்து இரண்டு, காலுறை ஒன்று, கம்பு ஒன்று. நூல் விழுங்கிய நாளிலிருந்து இக்கணக்குத் தவறியதில்லை.

சென்ற வாரம் ஒரு நாளிரவு ஓலைப் பந்து ஒன்று குறைந்தது. கதிரைகளை விலக்கினோம், குசினியில் விறகடுக்கைக் கலைத்தோம், மின்சூளைக் கொண்டு கட்டில்களின்கீழ் தவழ்ந்தோம். கறுப்பியின் வயிற்றையும் ஒருமுறை தடவிப் பார்த்தோம். பத்து மணியளவில் தாயாரின் அறையிலிருந்து கலகலவென்று புளியங்கொட்டை ஒலி கேட்டது. பந்து அவருடைய தலையணையின்கீழ் இருந்தது.

"விடியப்புறத்திலை அவள் வந்து எழுப்பிறாள். வெறுங்கையோடை நான் என்ன செய்ய?" என்றார்.